ஜிப் வைத்த கொட்டாய்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் தோழி புல்லில் மல்லாந்து கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னாடி மலை இது! போற உசிரு மேல தான் போவும்பாங்க, என்னுது கீழயே எறங்கி ஓடிட்ச்சு" என்றாள். அவளுடையது பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த நீலச் சைக்கிள். கியர் என்பதே கிடையாது. நான் கியர் சைக்கிள் வைத்திருந்தும் அவளுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். இதை எங்கள் ஆபீசில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. மலையில் டென்ட் போட்டு ஓர் இரவு தங்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னவள் நான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள் அவள். வேலையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் வேலை என்றிருந்தவள். "ஒரே ஒரு ராத்திரி, நான் எங்க படுக்கணும்னு நானே முடிவு பண்ணணும்டி. இதுல ஏதாவது சொதப்புச்சுன்னா சைக்கிள் பரணுக்கு போய்டும், நான் மறுபடியும் வூட்டுக்குள்ள" என்றாள். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். குரல் அப்படி இல்லை.

வீட்டில் அனுமதி வாங்கிய கதைதான் கதை. டென்ட் என்று சொன்னால் அவள் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். எங்கள் பக்கத்தில் கொட்டாய் என்றால் மண்சுவர் எழுப்பிக் கூரை போட்ட நிலத்து வீடு. அந்தக் காலத்தில் சினிமா காட்டிய டென்ட்டும் கொட்டாய்தான். இந்த ஒரு சொல்லுக்குள் தோழி நுழைந்துகொண்டாள். "கொட்டாய்ல தான்மா தங்கறோம்." அம்மா யோசித்துவிட்டு, "கதவு இருக்குதா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கும்மா." "கதவா?" என்றேன் நான். "நான் இன்னா பொய்யா சொன்னேன்? ஜிப் இருக்குதே!" என்றாள் என்னிடம்.

எங்கள் வீட்டுக்குச் சாமை கொண்டுவந்து தரும் மலை ஊர்க்காரர் ஒருவரின் நிலத்தில், அவர் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பலா மரத்தடியைப் பார்த்து வைத்திருந்தோம். மதியம் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தோம். டென்ட் இரண்டு முறை சரிந்தது. மூன்றாவது முறை, கோணலாக இருந்தாலும் நின்றது. சிக்னல் கிடைத்த மேட்டில் ஏறி அவள் வீட்டுக்குப் போன் செய்து இடத்தையும் சொன்னாள். பொய் சொல்லவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசை. அதுதான் வினையாக முடிந்தது.

பொழுது சாய்வதற்குள் ஒரு லோடு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தோழியின் அண்ணன். முன்சீட்டிலிருந்து, மடியில் பெரிய டிபன் கேரியரோடு அவள் அம்மா இறங்கினார். வழியெல்லாம் "சைக்கிள் பொண்ணுங்க எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்களாம். ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லையாம். அம்மா நிலத்தைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "கொட்டா எங்க?"

தோழி டென்ட்டருகே போய் ஜிப்பை மேலே இழுத்துக் காட்டினாள், கீழே இழுத்துக் காட்டினாள். அண்ணன் "இன்னா வெளையாடுறியா? ஏறு வண்டில" என்று கத்தினார். அம்மா கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து ஜிப் மூடிக்கொண்டது. நாங்கள் மூவரும் அந்த மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றோம். தோழி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

ஜிப் பாதி திறந்து தலை மட்டும் வெளியே வந்தது. "டேய், நீ வூட்டுக்கு போய்ட்டு காலைல வா. நான் இங்கயே இருக்கறேன்." பிறகு மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டு, புல்லில் துப்பட்டியை விரித்துத் தொழுதார். நெய்ச்சோறு இன்னும் சூடாகவே இருந்தது. இருவர் படுக்கும் டென்ட்டில் மூவர் படுத்தோம். அம்மா நடுவில். கல்யாணமான நாளிலிருந்து சொந்தக்காரர் வீடு தவிர வேறெங்கும் தூங்கியதே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தோழிக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. "நானே முடிவு பண்ணணும்னேன், பாத்தியா?" என்று என் காதில் சொன்னாள். எனக்கும் பாவமாக இருந்தது.

காலையில் அண்ணன் வந்ததும் வராததுமாகச் சைக்கிள்களை வேனில் ஏற்றப் போனார். "எறக்கத்துல பிரேக் புடிக்கலன்னா இன்னா ஆவறது?" தோழி தன் பையை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட அம்மா, "ஏறத் தெரிஞ்சவளுக்கு எறங்கத் தெரியாதாடா? அதுங்க வரும். நீ வண்டிய எடு" என்றார். வேன் போய்விட்டது. தோழி நீலச் சைக்கிளில் ஏறி ஒரே மிதி. அடிவாரம் வரை நான் கூப்பிடக் கூப்பிட அவள் திரும்பியே பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு ஓசூரில் வேலை. தனியாக அறை எடுத்துத் தங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று, அண்ணன் எத்தனையோ கேள்வி கேட்டாராம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்.

"நான் வந்தா படுக்க எடம் இருக்குதா?"