எட்டு ஓம் என்று எழுதியிருந்தது

நீ தெரிந்தேதான் மறைத்தாய். எனக்கு விற்ற ஸ்பீக்கர்களில் இருந்த, அடித்தாளம் கொடுக்கும் பழைய வூஃபர்களைக் கழற்றிவிட்டு வேறு வூஃபர்களை மாட்டியவன் நீ. பின்பக்கத் தகட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டாய். தகட்டில் மின்தடை எட்டு ஓம். உள்ளே நாலு. மூன்று மாதம் என் வீட்டுக்கு வந்துபோனாய். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ‘நீ’ என்று எழுதுவது நசரத்பேட்டையில் இருக்கும் ஒரு ஆளை. கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் செட் கட்டுகிறவன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், என்னை அண்ணாத்தே என்று கூப்பிடுவான். பெயர் வேண்டாம். அவனுக்குத் தெரியும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். குடியிருப்பது அண்ணனூரில், மூன்றாவது மாடியில், தனியாக. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிரிந்துவிட்டோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை இருப்பதால் தனிமை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். துணி துவைத்துக் காயப்போட்டு, சோறு வடித்தால் பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் பக்கத்து ரயில் பணிமனைக்குள் மின்சார ரயில்கள் நகர்கிற சத்தம்தான். திங்கட்கிழமை காலை டீக்கடையில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். நேற்று முழுக்க யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அதனால்தான் பாட்டு கேட்க ஒழுங்காக ஏதாவது வாங்கலாம் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தில், ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் ஆட்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர், ஆம்ப் வாங்கல் விற்றல், சந்தேகம், சண்டை எல்லாம் அதில்தான். அதில் நீ ஸ்பீக்கர் படம் போட்டிருந்தாய். இடுப்பு உயரம், மரப்பெட்டி, ஜோடி. நான் விலைகூடப் பேசவில்லை.

நீ குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

“இன்னா அண்ணாத்தே, மோட்டார் தூக்கற கையின்னு சொன்ன, இப்டி நடுங்குது?”

“மோட்டாரை நான் தூக்க மாட்டேன்ப்பா. கிரேன் தூக்கும்.”

“அப்ப இன்னாத்துக்கு உன்க்கு சம்பளம்?”

அந்த வீட்டுப் படிக்கட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

உள்ளே கொண்டுபோய் வைத்ததும் நீ டேப்பை எடுத்து அளந்தாய். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதே தூரத்தில் நாற்காலி இருக்க வேண்டும் என்றாய். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாய். ஸ்பீக்கரை ஓட்ட என்னிடம் ஆம்ப் இல்லை என்பதால் உன்னுடைய பழைய ஸ்டீரியோ ஆம்பைக் கொடுத்தாய். “ரிசீவர் வாங்கற வரிக்கும் வச்சிக்க” என்றாய். அடுத்த ஞாயிறு முகூர்த்தம் இல்லை, உனக்கு வேலை இல்லை. பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாய். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாய்.

நடுவில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அங்கே உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவர் இருக்கிற இடத்தில் நிற்பது போல இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்துச் சத்தம் மட்டும்தான். ஒரு பாட்டு நான், ஒரு பாட்டு நீ என்று மாறி மாறி உட்கார்ந்தோம். நான் எழுந்து கொடுத்தால், “நடுவுல நீ குந்து, உன் ஊடு” என்பாய். நீ எழுந்து கொடுத்தால் நான் “விருந்தாளி நீ” என்பேன். பாதிப் பாட்டு இதிலேயே போகும்.

தாளம் கொஞ்சம் அதிகமாக இடித்தது. நான் சொன்னேன். “மூலைல வச்சா அப்டிதான், சொவுத்த உட்டுத் தள்ளு” என்றாய். தள்ளினோம். அப்படியும் இடித்தது. புது வூஃபர்தான் இடித்தது என்று இப்போது தெரிகிறது.

ரிசீவர் தேட ஆரம்பித்தோம், ஆம்பும் மற்றதும் ஒரே பெட்டியில் சேர்ந்து வருவது. இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். எல்லாரும் ரிசீவரை முதலில் வாங்குகிறார்கள். பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கும், அதைப் பார்த்து மயங்குகிறார்கள். ஸ்பீக்கர்தான் பாரம். பாரம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் இழுக்கிற மாட்டைப் பிடிக்க வேண்டும். ஓம் குறைந்தால் ஸ்பீக்கர் அதிக மின்சாரம் உறிஞ்சும். நாலு ஓம் ஸ்பீக்கரை, ஆறுக்குக் கீழே தாங்காத ரிசீவரில் மாட்டினால், மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. நேரம் ஆக ஆகக் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் முதலில் காட்டியது மினுக்குகிற ஒரு பெட்டி.

“சார், ஆயிரத்து இருநூறு வாட்ஸ். தெருவே கேக்கும்.”

“தெருவுக்கு எதுக்குங்க? ரெண்டு சேனல் மட்டும் ஓடறப்ப எவ்ளோ?”

“மொத்தமா ஆயிரத்து இருநூறு சார்.”

“மொத்தம் கேக்கல. நான் மாட்டப்போறது ரெண்டு ஸ்பீக்கர்தான்.”

நீ இடையில் நுழைந்தாய். “இவுரு கரண்ட் ஆபீஸ் மாதிரி சார். பில்லு பாக்காம உடமாட்டாரு. உள்ள இருக்கறத எட்து வைங்க.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து இரண்டு ரிசீவர்களைக் கொண்டுவந்தார். இரண்டிலும் எண் சின்னது, ஆனால் உண்மையான எண். ஒன்று ஆறு ஓமுக்கு மேல்தான் தாங்கும். இன்னொன்று கனம், தூக்கவே இரண்டு கை வேண்டும், நாலையும் தாங்கும். விற்பனையாளர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“உங்க ஸ்பீக்கர் எத்தனை ஓம் சார்?”

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறதா?

“எட்டு. பின்னாலயே எய்திகீதே” என்றாய்.

எழுதியிருந்தது என்று சொன்னாய். எட்டு என்றும் சொன்னாய். கனமானதை நான் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். “அத்த இன்னாத்துக்கு மூணு மாடி தூக்கிகினு” என்றாய். நான் லேசானதை வாங்கினேன்.

அன்றைக்கே வந்து இணைத்துக் கொடுத்தாய். நாலு பாட்டு கேட்டோம். உன் ஆம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

முகூர்த்த மாதம், வேலை இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது நாற்பது நிமிஷத்தில் பாட்டு நின்றது. ரிசீவரின் முகப்பில் ‘புரொடெக்ட்’ என்று வந்தது. தொட்டால் கை சுட்டது. உனக்குப் போன் செய்தேன்.

“ஒயர்ல பிசிறு எதுனா தொட்டுக்கினு இருக்கும், பாரு அண்ணாத்தே.”

பார்த்தேன். பிசிறு இல்லை. ஒயர் இணைப்பது என் தொழில், பிசிறு இருக்காது. மேஜை ஃபேனை எடுத்து ரிசீவர் மேல் திருப்பி வைத்தேன். ஐம்பது நிமிஷம் ஓடி நின்றது. குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீயும் எழுதினாய்: “அண்ணாத்தே எப்பவும் ஃபுல் சவுண்டுதான், பெட்டி பாவம்.” கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நீயும் பார்த்திருப்பாய்.

என் கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான் பாதிக்கு மேல் திருப்பியதே இல்லை. சத்தத்தைக் கூட்ட நீ கையை நீட்டும்போதெல்லாம் நான்தான் “கொழந்த தூங்கும்ப்பா” என்று குறைத்தேன். இது குழுவில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் நீ, உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் எழுதினாய்.

அன்றைக்குத்தான் ஓம் அளக்கிற மீட்டரை எடுத்தேன்.

இங்கே என் தப்பையும் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மோட்டாரின் தகட்டை நம்பாதே என்று. எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு அனுப்பினால் உள்ளே கம்பி மாறும், சுற்று மாறும், வெளியே பழைய தகடு அப்படியே திரும்பி வரும். அதனால் மீட்டர் வைக்காமல் நான் எதற்கும் கரண்ட் கொடுத்ததில்லை. புது மோட்டாருக்கும் வைப்பேன். என் பையில் எப்போதும் மீட்டர் இருக்கும். நீ ஸ்பீக்கரை இறக்கி வைத்த அன்றும் இருந்தது. எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். ஆனால் நீ வியர்வை வழிய நாற்காலிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உன் கண் முன்னால், உன் பொருளுக்கு மீட்டர் வைப்பது உன்னைத் திருடன் என்று சொல்வது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ போன பிறகாவது வைத்திருக்கலாம். மனசு வரவில்லை.

மீட்டர் மூன்று புள்ளி நாலு காட்டியது. மீட்டர் எப்போதும் ஸ்பீக்கரின் அளவைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்; எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆறையொட்டிக் காட்ட வேண்டும், நாலு என்றால்தான் இது. இன்னொன்றையும் வைத்தேன், அதே. திருகுகளைக் கழற்றி வூஃபரை வெளியே எடுத்தேன். பெட்டிக்குள் வருஷக்கணக்கான தூசி. வூஃபர் மட்டும் பளிச்சென்று இருந்தது, பற்றவைத்த ஈயமும் மின்னியது. உன் கை வேலை. சுத்தமான வேலைதான்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி நசரத்பேட்டைக்கு வந்தேன். வாசலில் உன் வண்டி நின்றது. உன் வீட்டம்மா வந்து, “அவுரு ஊட்ல இல்லீங்களே” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. உள்ளே ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ண நீ எப்போதும் போடும் அந்தத் தவில் துண்டு ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரை எதற்குச் சங்கடப்படுத்துவது?

ரிசீவரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கனமானதைக் கொடுத்தார்கள். மூன்று மாடியும் நானே தூக்கினேன், ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்தேன். இப்போது சூடாவதில்லை, நிற்பதில்லை. அந்த ரிசீவரில் தாளத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது, குறைத்துவிட்டேன். நன்றாகவே பாடுகிறது. அதனால் ஸ்பீக்கரைத் திருப்பி எடுத்துக்கொள் என்று நான் கேட்கவில்லை. நாலு ஓம் என்று நீ முதல் நாளே சொல்லியிருந்தாலும் இந்த ஸ்பீக்கரைத்தான் வாங்கியிருப்பேன். கடையில் சொல்லியிருந்தால் அந்தக் கனமானதை அன்றைக்கே தூக்கியிருப்போம், இரண்டு பேராக. அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கிறது. அந்த இடத்தைத் துடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாப் பாட்டுக்கும் நான்தான் நடுவில் உட்காருகிறேன். எழுந்து கொடுக்க ஆள் இல்லை. பக்கத்தில் நீ உட்காரும் நாற்காலியில் துணி மடித்து வைத்திருக்கிறேன்.

விற்று முடித்த பிறகும் பத்துப் பன்னிரண்டு ஞாயிறு வந்தாய். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஏமாற்றியவன் காசு கைக்கு வந்ததும் போயிருப்பான். நீ போகவில்லை. உன் ஆம்ப் நாலு ஓமைத் தாங்கும், அது என் வீட்டில் இருந்தவரைக்கும் குட்டு உடையாது என்று உனக்குத் தெரியும். புது ரிசீவர் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு போனவன்தான், திரும்பவில்லை.

இதை அச்சிலும் போடுகிறேன், குழுவிலும் போடுகிறேன். எல்லாரும் பார்க்க என்னைக் கிண்டல் செய்த இடத்திலேயே, எல்லாரும் பார்க்கப் பதில் எழுது. தனியாகப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். வூஃபரை ஏன் மாற்றினாய் என்று கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பாட்டு கேட்கத்தான் வந்தாயா, இல்லை நான் மீட்டர் வைத்துவிட்டேனா என்று பார்க்க வந்தாயா? ஒரே வரி போதும். எழுது.