விளக்கு வைத்த பிறகு கேட்ட கேள்வி

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் நாலு பேர் இருக்க வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடித்து வைக்கும் வேலையில் இருந்த வரைக்கும் எனக்கு அது இருந்தது. நான் அதிகம் பேசமாட்டேன். பேசுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவேன். யாராவது ஒருத்தி என் குழம்பை எட்டிப் பார்த்து, "இன்னாமா, இன்னிக்கும் கத்திரிக்காயா?" என்பாள். கடையில் ஆட்களைக் குறைத்தபோது நாற்பதைத் தாண்டியவர்களை முதலில் நிறுத்தினார்கள். மகள் காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறாள். கணவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போகிறார். என்ன குழம்பு என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

எங்கள் அப்பா காலத்தில் இந்தத் தெரு முழுவதும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தது. நிலமெல்லாம் மனையாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிழைப்பு. கொத்தனார், பெயின்டர், லோடு வண்டி, கம்பெனி. சில வீடுகளில் எதுவும் இல்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்களைப் போன்ற தெருக்களில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை, அந்த இடங்களை எப்படி மேலே கொண்டுவரலாம் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். வேலையில்லாதவர்கள் அதிகம் இருக்கும் தெருவில் பெண்களுக்குத் தையல் கூடம் வரும் என்றாள். எங்கள் தெருமுனையில் சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு உடனே அந்த ஞாபகம்தான் வந்தது.

வீடு வீடாகத் தன்னோடு வர ஓர் ஆள் வேண்டும் என்று அவள் கேட்டதும், எதிர்வீட்டு அக்கா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இத இட்டுக்கினு போமா. வாயே தொறக்காது. உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

பகலில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும் என்பதால் அந்தப் பெண் சாயங்காலத்தில் வந்தாள். நாங்கள் போகும்போது சில வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். சில வீடுகளில் இயேசு படத்துக்கு மேலே சின்ன பல்பு எரியும்.

"வேலை இருக்காங்க?"

"இருக்குதுமா, இருக்குது" என்றார் மழைக்காலத்திலிருந்து வீட்டிலேயே இருக்கும் பெயின்டர். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எதிர்வீட்டு அக்கா, "எனக்கின்னா கண்ணு, கைநெறைய இருக்குது" என்றாள். கடைசியாக அந்தப் பெண் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள். "இருக்குது" என்றேன். அது எனக்குப் பொய்யாகவே படவில்லை. எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. அரிசி தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்குது' என்றுதான் சொல்வோம். மாதாகோயிலுக்குப் போகிற வீடுகளிலும் அதே பழக்கம்தான்.

வேலை முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பிய மத்தியானம் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். சந்தோஷமாக இருந்தாள்.

"உங்க தெரு சூப்பர்க்கா. எல்லாருக்கும் வேலை இருக்கு. நான் இப்படி எதிர்பார்க்கவே இல்ல. தையல் கூடத்தை வேற தெருவுக்குத்தான் எழுதணும்."

பஸ் வந்துவிட்டது. அவள் பையைத் தூக்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"காலையில வந்து கேளுமா."

"என்னக்கா?"

"வெளக்கு வச்சப்புறம் இல்லன்னு சொல்ல மாட்டோம்."

அவள் என்னையே பார்த்தாள். பஸ் போய்விட்டது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா. எங்க அம்மாவும் இப்படித்தான். எப்படி மறந்தேன்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் வந்தாள். இந்த முறை தெருவே வெளியே வந்து நின்றது. "இல்லமா." "எனக்கும் இல்ல." "பையனுக்கு இருந்துது, இப்ப இல்ல." எதிர்வீட்டு அக்கா சண்டைக்கு வருவதுபோல இடுப்பில் கை வைத்தாள். "இத மொதல்லயே காலைல வந்து கேக்கறதுக்கு இன்னா? வெளக்கு எரிஞ்சிக்கினு இருக்க சொல்ல வந்து வேல இருக்குதான்னா, மனுஷன் இன்னா சொல்லுவான்?" எல்லோரும் சிரித்தார்கள். பெயின்டர்தான் அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இத்தனை வீடுகளில் மதியச் சோற்றை ஒருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்துச் சுவர்தான். கேட்காமலே இருந்திருக்கிறோம்.

"உங்களுக்குக்கா?"

"இல்ல" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வாய் நிற்கவில்லை. "தையல் கத்துக்கறேன். வராதுன்னா பெருக்கறேன். அந்தக் கூடத்துல இன்னா குடுத்தாலும் செய்றேன்."

"பாரு, பேசுது!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அந்தப் பெண் மாற்றி எழுதி அனுப்பிவிட்டாள். முடிவு அவள் கையில் இல்லை. போன் செய்தால், "இன்னும் சொல்லலக்கா" என்கிறாள். அவள் குரல் இறங்குவதைக் கேட்க முடியாமல் இப்போது நான் போன் செய்வதைக் குறைத்துவிட்டேன்.

ரேஷன் கடைக்குக் குறுக்குவழி இருந்தும் கூடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே தூசியும் மடக்கி வைத்த நாற்காலிகளும் தெரியும். மேற்குப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழுகிறது. மெஷின் வந்தால் அங்கேதான் போடுவார்கள். போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து எதிர்வீட்டு அக்கா தோளைத் தட்டினாள்.

"நவுரு, நானும் பாக்கறேன்."

நகர்ந்தேன். "அந்த வெளிச்சம் வர்ற எடம் எனக்கு" என்றேன்.

"எடுத்துக்கோ, யாரு வேணான்னது? மொதல்ல பூட்ட தொறக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் போகவில்லை. உள்ளே தனக்கு ஓர் இடம் தேடுகிறவளைப்போலக் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.