கம்ப்யூட்டரில் அடங்காத பெரிய மாமா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் என் சித்தப்பாதான். படித்தார் என்றால், கஹவத்தையில் மூன்று மாத வகுப்பில் சேர்ந்து ஐந்தாவது சனிக்கிழமை வரை போனார். அதற்குமேல் பஸ் ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொண்டார். தோட்ட ஆபீசுக்குப் புதுப் பெட்டி வந்ததும், கிளாக்கர் ஐயா பழையதைச் சித்தப்பாவின் தலையில் கட்டிவிட்டார். கொழுந்து லொறியில் சாக்குகளின்மேல் உட்கார்ந்து அது எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பிரிண்ட் என்று இங்கிலீஷில் அடித்து, பக்கத்தில் எதை எழுதி என்டரைத் தட்டினாலும் அதையே கீழே திருப்பி எழுதிக் காட்டும். சித்தப்பாவுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

அந்த வருஷம் அக்கா பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவேண்டும். அம்மாவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர்: நிவித்திகல பெரிய மாமா, வரக்காப்பொல சின்ன மாமா. இருவரும் பேசி மூன்று வருஷமாகியிருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைத் தம்பியின் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்பது பெரிய மாமாவின் வழக்கு. அம்மா நடையாய் நடந்து, அழுது, ஒரு வழியாக அவரை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர் முகம் கோணிக்கொண்டு திரும்பிவிட்டால் சீர் இல்லை. சீர் இல்லாமல் சடங்கு இல்லை.

இந்த நேரத்தில்தான் சித்தப்பாவுக்கு யோசனை வந்தது: விருந்தாளிகளைக் கம்ப்யூட்டரே வரவேற்கட்டும். இரண்டு விரலால் காலை முழுக்க இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். முதலில் இரண்டு தடவை வெல்கம். அடுத்து அக்காவின் முழுப் பெயர், இன்னாரின் மூத்த மகள் என்ற விவரத்தோடு. பிறகு கிளாக்கர் ஐயா, சங்கத் தலைவர், கங்காணி, அடம்பிடித்து அழுததால் நான், சின்ன மாமா குடும்பம். பெரிய மாமா குடும்பம் கடைசியில். அம்மா பதறினாள். “சங்கக் கூட்டத்துல தலைவர் கடைசிலதானே அண்ணி பேசுவாரு? பெரிய ஆளு கடைசிலதான் வரணும்” என்றார் சித்தப்பா. அந்த நியாயம் பெரிய மாமாவுக்கும் பிடித்துப்போனது. சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு நேரே உட்கார்ந்தார்.

லயமே கூடி நிற்க, சித்தப்பா என்டரைத் தட்டினார். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையில் ஒளிர்ந்தன. கடைசியில் “நிவி” என்று வந்து நின்றுவிட்டது.

பெரிய மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு திரையின் மேல்பக்கத்தைக் காட்டி, “அடிச்சது முழுசா இருக்கு. கீழ வர்றதுக்குள்ள யாரு வெட்டினது?” என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சின்ன மாமா.

“நான் அதத் தொடவே இல்லண்ணே” என்றார் சின்ன மாமா. மூன்று வருஷத்தில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அன்னைக்குக் கீழ போட்டீங்க. இன்னைக்குப் பாதில வெட்டிட்டீங்க” என்று பெரிய மாமா தட்டோடு எழுந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

சித்தப்பா மறுபடி தட்டினார், மறுபடியும் “நிவி”. ஒரு வெல்கத்தை அழித்துவிட்டுத் தட்டினார். “நிவித்திகல” என்று ஊர் முழுசாக வந்தது, மாமா வரவில்லை. இந்தப் பெட்டி இவ்வளவு நீளத்துக்கு மேல் வாங்காது, யாராவது இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம் என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது. யாரை இறக்குவது? கங்காணி தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். ‘குடும்பம்’ என்பதை எடுத்துவிடலாமா என்றதும், “அப்ப நாங்க யாரு?” என்று சின்ன மாமாவின் மனைவி கேட்டாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் பெயரை விட்டுத்தர எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

அப்போது அக்காவை உட்காரவைத்திருந்த பச்சை ஓலை மறைப்புக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. “சித்தப்பா, எம் பேர எடுத்துருங்க. அதுதான நீளமா இருக்கு.”

சித்தப்பா ஒரே மூச்சில் அழித்தார். என்டர். பெரிய மாமா குடும்பத்தோடு முழுசாக வந்து சேர்ந்தார். தன் பெயரை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். லொறி டிரைவர் சிங்களத்தில் “ஹரி ஷோக்!” என்று மெச்சிக் கைதட்ட, எல்லோரும் தட்டினோம். சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திட்டினார்கள்.

வெகுகாலம் கழித்து இரத்தினபுரியில் நானும் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். அந்தப் பழைய முறையில் ஒரு வரிக்கு இருநூற்றைம்பத்தைந்து எழுத்துதான், மிஞ்சியதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், அடுத்த வரியில் தொடர்ந்தால் போதும் என்று ஆசிரியர் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்து ஏச்சு வாங்கினேன். சித்தப்பா ஆறாவது சனிக்கிழமையும் போயிருக்கலாம்.

அன்று திரையில் எல்லோரும் இருந்தோம், சடங்குக்காரியைத் தவிர. அக்கா என்ன கெட்டிக்காரி, எண்ணிப் பார்த்துச் சரியான இடத்தைச் சொன்னாளே என்றுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. “உன் பேரையா, வேணாம் புள்ள” என்று ஒருவராவது சொல்வோமா என்று அவள் ஓலைக்குள் காத்திருந்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.