ஆறு கிராம் பொடியோடு பெங்களூருக்கு

போன வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. பையில் ஆறு கிராம் பொடி இருந்தது. ஒன்றரை வருடம் பாடுபட்டு நான் செய்த மாங்கனீசு போரேட். அதைக் குளிர்வித்தால் உள்ளே இருக்கும் குட்டிக் காந்தங்கள் எந்தத் திசையில் வரிசை கட்டுகின்றன என்று எக்ஸ்ரே சொல்லாது, நியூட்ரான் கற்றைதான் சொல்லும். மும்பை அணுஉலையில் திங்கள் முதல் நான்கு நாள் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதுதான், உதவித்தொகையோ மார்ச்சில் முடிகிறது. பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் நிர்மலா அக்கா பொடியைக் கொண்டுபோய் அளந்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

காலை 5.10 பேருந்து, 340 ரூபாய், 200 கி.மீ. ஓசூர் வரை சொகுசு. பெங்களூருக்குள் நுழையும் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். மடிவாளாவில் 10.20க்கு இறங்கி, அக்கா வீடு இருக்கும் ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். "ஜோகுபாளையமா? நானே பக்கத்து மர்பி டவுன்தான்மா. மீட்டர் மேல இருவது குடு, சாகு," என்றார் ஓட்டுநர், கன்னடத்தில் 'போதும்' என்று.

அக்கா காபி கொடுத்தார். பொடி டப்பாவை ஆட்டிப் பார்த்தபடி, "போரான் லெவன்தானே போட்ட?" என்றார்.

"என்னக்கா?"

"போரிக் ஆசிட் எந்த பாட்டில்?"

"லேப்ல இருந்த பாட்டில்தான்க்கா."

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ, சாதா போரானா? அதுல அஞ்சுல ஒரு பங்கு போரான் டென். அது நியூட்ரானை அப்படியே முழுங்கிடும், லெவன்னா விட்டுடும். நாலு நாள் வச்சாலும் ஒண்ணும் தேறாது கண்ணு."

அட கடவுளே, படித்த பாடம்! தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எக்ஸ்ரேயில் இரண்டு போரானும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் நான் எடுத்த எக்ஸ்ரே படம் அத்தனை அழகாக வந்திருந்தது. சட்டம் போட்டு மாட்டாத குறை.

"சரி விடு," என்றார் அக்கா. "அடுத்த மாசம் அங்க எனக்கும் ஒரு ஸ்லாட் இருக்கு. உன் நாலு நாள்ல என் சாம்பிளை வச்சுக்கறேன், என்னுதை நீ எடுத்துக்கோ. ஆனா புதுசா செஞ்சு கொண்டு வரணும்." மாலை மூன்று மணிக்கு அணுஉலையிலிருந்து சம்மதம் வந்தது. அக்காவின் ஆய்வகத்திலிருந்து ஒரு சின்னக் குப்பி போரான் 11 போரிக் ஆசிட் வாங்கிக்கொண்டு 4.30க்குத் திரும்பப் பேருந்து ஏறினேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மடிவாளாவை ஒன்பதுக்குள் பிடித்துவிடுங்கள். எக்ஸ்ரேக்குப் போல ஒரு சிட்டிகை போதாது, கிராம் கணக்கில் பொடி வேண்டும். நியூட்ரானை விழுங்கும் போரான், காட்மியம், கடோலினியம் எது இருந்தாலும் செய்வதற்கு முன்பே விசாரியுங்கள்.

யாராவது முந்திவிடுவார்கள் என்ற பயத்தில், எதைப் போட்டுச் செய்கிறேன் என்று ஒன்றரை வருடம் நான் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. என் வழிகாட்டியிடம்கூட எக்ஸ்ரே படத்தை மட்டும்தான் காட்டினேன். சொல்லியிருந்தால் முதல் வாரமே யாராவது தலையில் குட்டியிருப்பார்கள்.