நான் மொழிபெயர்க்காத கேள்வி

வாசகரே, சொற்போர் மேடையில் நடுவரைப் பார்த்துப் பேசியே பழகியவன் நான். இதைச் சொல்லும்போது எனக்கு நடுவர் வேண்டாம்; நீங்கள் சாட்சியாக இருந்தால் போதும். தீர்ப்பு எப்போதோ ஆகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், இராஜகீழ்ப்பாக்கத்தின் புது வீடு ஒன்றின் வாசலில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வெல்டராக லிபியாவுக்குப் போனவர், அங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருந்த போலந்து நாட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கம்பெனி வேலை நின்றுபோனதும் மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, அந்த ஆண்டுப் பொங்கலுக்கு முன் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "இனிமே இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டிகளை இறக்கினார். அப்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அம்மாவைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். முன்னறையில் ஒரு வெள்ளைக்கார மருமகளைக் கண்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அவரை ஆட்டிவைத்தது. அண்ணியின் டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. அண்ணி சமையலறைக்குள் வந்தால் அம்மா வெளியே போய்விடுவார். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள். தங்கையைப் பெண் பார்க்க வந்த ஒரு நாளில் அண்ணியும் குழந்தையும் பின்வாசல் வழியாக அனுப்பப்பட்டார்கள். தாம்பரம் ரயில் நிலையத்து பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள்.

அன்று மாலை அண்ணி அண்ணனிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். அவருடைய ஊர் மருத்துவமனை அவரைத் திரும்ப வேலைக்கு அழைத்திருந்தது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். "நாம் மூன்று பேரும் உள்ளே இருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு கிடைத்தால், வரவில்லை என்று எழுதிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் மகளை அழைத்துக்கொண்டு போகிறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அண்ணன் ஒத்துக்கொண்டார்.

அண்ணன் அப்போதுதான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தார். விடுப்புக் கிடைக்காது. அண்ணிக்குத் தமிழ் வராது. ஆங்கிலம் ஓரளவு வரும். எனவே வீடு பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆங்கிலமும் தமிழும் அறிந்தவன், மேடைதோறும் பரிசு வாங்குகிறவன், இவனைவிடச் சிறந்த தூதன் கிடைப்பானா என்று வீட்டில் எண்ணினார்கள். நானும் எண்ணினேன்.

ஆறு வீடுகள் கைநழுவின. "வெள்ளைக்காரங்கன்னா மாட்டுக்கறி ஆக்குவாங்களே" என்றார் ஒருவர். "போலீஸ் வந்து கேட்டா யாரு சார் பதில் சொல்றது?" என்றார் இன்னொருவர். ஏழாவதுதான் இராஜகீழ்ப்பாக்கத்து வீடு. அதன் சொந்தக்காரர்கள் அந்த ஊரில் பயிர் வைத்த குடும்பம். நிலத்தை மனைகளாக விற்றுவிட்டு, சாலையோரம் இரண்டு போர்ஷனாக வீடு கட்டியிருந்தார்கள். முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் வாடகைக்கு. ஏணியில் நின்று ஒருவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கார அம்மா குழந்தையைக் கண்டதும் இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

"இன்னா கண்ணு இது, கோலிகுண்டு மாதிரி கீது."

"எறக்கி வுடு ஆயா" என்றாள் அண்ணன் மகள். மூன்று மாதத்தில் தெருப் பிள்ளைகளிடம் கற்ற தமிழ்.

"ஆயாவா? எனக்கு நாப்பதுதான்டி ஆவுது. அக்கான்னு சொல்லு, எறக்கறேன்."

அண்ணிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவர் சிரித்தார். எங்கள் வீட்டில் நான் கேட்டிராத சிரிப்பு அது. பின்பக்கத்து அறைகளைச் சுற்றி வந்தார். சமையல் மேடையின் உயரத்தைக் கையால் அளந்தார். வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், திறந்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கார அம்மா என்னை வாசலுக்கு அழைத்தார். அண்ணியும் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. வெள்ளையா இருந்தா இன்னா, கறுப்பா இருந்தா இன்னா. வாசலைப் பெருக்கித் தண்ணி தெளிச்சா போதும். ஒண்ணே ஒண்ணுதான். புது வூடு, மொத மொதல்ல குடி வர்றாங்க. பால் காய்ச்சறவ கழுத்துல தாலி இருக்கணும்னு என் மாமியாருக்கு ஒரு இது. ஒரு மஞ்சக் கயிறு கட்டிகினு வந்து அடுப்பைப் பத்த வெக்கட்டும். அப்பால கழட்டி வெச்சிகினாலும் நான் இன்னா வந்து பாக்கவா போறேன்? அந்தப் பொண்ணாண்ட கேட்டுச் சொல்லு."

கேள்வி அண்ணிக்கு. அதை ஒரே ஒரு வரியில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நான் வாயை மூடியிருக்க வேண்டும். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சொற்போரில் "தாலி தேவையா" என்ற தலைப்பில், தேவையில்லை என்று பேசிச் சுழற்கோப்பையை வாங்கியிருந்தேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும், மேடையும் ஒலிபெருக்கியும் என் முன்னே எழுந்து நின்றன. "அம்மா அவர்களே, கழுத்தில் கயிறு கட்டி நடத்தப்படுவது கால்நடை. பெண் என்ன கால்நடையா?" என்று தொடங்கினேன். கோப்பை வாங்கித் தந்த உரை. மூச்சு விடுமிடம் உட்பட அப்படியே நினைவில் இருந்தது. பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பேசினேன். பக்கத்து மனையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். நடுவில் ஓரிடத்தில், வீட்டுக்கார அம்மா தன் கழுத்துச் சரட்டை முந்தானைக்குள் தள்ளிக்கொள்வதைக் கண்டேன். அதை என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே எண்ணினேன்.

நான் நிறுத்தியதும், ஏணிமேல் இருந்தவர் சுண்ணாம்பு மட்டையைத் தூக்கிக் காட்டினார். "இன்னாமா பேசற நைனா. எந்தக் கட்சி நீ?"

வீட்டுக்கார அம்மா குழந்தையை மெல்ல இறக்கிவிட்டார். "இவ்ளோ பேசினியே, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சுன்னு சொல்லவே இல்லியே" என்றார்.

"அவங்களும் இதைத்தான் சொல்வாங்க" என்றேன்.

அதற்குள் அவர் கணவர் தோள் துண்டோடு வெளியே வந்துவிட்டார். "எங்க பொம்பளைங்கள மாடுன்னு சொல்றவங்களுக்கு வூடு வுடறதா இல்ல தம்பி. நீ கெளம்பு" என்றார். சண்டை போடும் குரலில்கூட அல்ல.

சாலைக்கு வந்ததும் அண்ணி கேட்டார், "என்ன கேட்டார்கள்?"

"வேறு மதத்துக்காரர்களுக்குத் தர மாட்டார்களாம். அதற்குத்தான் அவ்வளவு நேரம் வாதாடினேன்."

"ஆனால் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தாரே?"

"இங்கே அப்படித்தான். முகத்துக்கு நேரே சிரிப்பார்கள்."

அண்ணி அதை நம்பினார். எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தவர் நம்பாமல் என்ன செய்வார்? அன்று மாலை அண்ணனிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அப்போது அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். மூட நம்பிக்கைக்காரர்கள் வீடு தரவில்லை, அவ்வளவுதானே என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு கீழ்க்கட்டளையில் இரண்டு வீடுகள் பார்த்தோம். ஒன்றில் தண்ணீர் இல்லை. இன்னொன்றில் முதல் நாள் சரி என்றவர்கள் மறுநாள் முடியாது என்றார்கள். ஏப்ரல் முதல் வாரம் வந்தது. அண்ணி வருவதாகப் பதில் எழுதினார். பயணச் சீட்டுகளும் எடுக்கப்பட்டன. ஒரே ஆண்டில் விசா வாங்கிக்கொண்டு அண்ணனும் போய்விடுவது என்று ஏற்பாடு.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, குழந்தைக்குச் செருப்பு வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு நால்வரும் போனோம். கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பினார். அந்த வீட்டுக்கார அம்மா. நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"கோலிகுண்டு, எங்கடி இங்க?" என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். பிறகு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் வூட்டுக்காரரா? வூடு கெடைச்சுதா?"

"இல்லைங்க. இவங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறாங்க."

"அடப் பாவமே. நான் குடுத்திருப்பேன்பா. ஒரு மஞ்சக் கயிறு கட்டிகினு பால் காய்ச்சுன்னு சொன்னேன், அதுக்குத்தான் உன் தம்பி அவ்ளோ பேச்சு. அந்தப் பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்ப வாத்தியாருங்க ரெண்டு பேரு குடி வந்துட்டாங்க." கீரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் நடுச் சந்தையில் நின்றபடி, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அண்ணிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் இரண்டு வாரம் முன்பு செய்திருக்க வேண்டிய வேலை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி என்னிடம் திரும்பினார். "அன்றைக்குக் கேட்டது இதுதானா?"

"ஆமாம்."

"நான் கட்டிக்கொண்டிருப்பேனே" என்றார். கோபம் இல்லை, அவருக்கே அது வியப்பாக இருந்தது போல. "கல்யாணத்தன்று இவரிடம் நானே கேட்டேன், உங்கள் ஊர்ப் பெண்கள் அணிவது எனக்கும் வேண்டும் என்று. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவர் சிரித்துவிட்டார்."

அண்ணன் தலை குனிந்தார். பயணத்தை நிறுத்திவிடலாம், வேறு வீடு தேடலாம் என்று மெதுவாகத் தொடங்கினார். அண்ணி தலையசைத்து மறுத்துவிட்டார். "என்னை என்ன கேட்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாத ஊரில் நான் எப்படி இருப்பேன்?" என்றார். அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக் கடைக்கு நடந்தார். செருப்புக் கடையில் குழந்தை ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு நடந்து காட்டினாள். நாங்கள் மூவரும் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எங்கள் சொற்போர்களில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். எனக்கு விழுந்த சீட்டில் "தேவையில்லை" என்று எழுதியிருந்தது. "தேவை" என்று விழுந்திருந்தால் அதையும் அதே தொண்டையில், அதே வீறாப்போடு பேசியிருப்பேன், கோப்பையும் வாங்கியிருப்பேன். கொள்கைக்காக ஒரு வீட்டை இழந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட எனக்கு இல்லை.

அவர்கள் கிளம்பிய நாளில் வாடகைக் கார் ஓட்டியவரிடம் குழந்தை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "எங்களுக்கு வூடு கெடைக்கல. அதான் பிளேன்ல போறோம்" என்று உற்சாகமாகச் சொன்னாள். "வூடு இல்லன்னா சொல்றதுதானம்மா, நான் பாத்துக் குடுத்திருப்பேனே" என்றார் அவர், விளையாட்டாக. அம்மா வழியனுப்ப வரவில்லை. பூச்சரம் ஒன்றைக் குழந்தையின் தலையில் வைத்து அனுப்பினார். பல்லாவரம் தாண்டுவதற்குள் அது நழுவிக் காரில் விழுந்துவிட்டது.

விமான நிலைய வாசலில் அண்ணி என் கையைக் குலுக்கினார். ஒரு பெரிய மன்னிப்புரையை ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் குழந்தை அவர் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணனின் ஓராண்டு மூன்றாண்டாகிவிட்டது. இரண்டு முறை விசா மறுக்கப்பட்டது. எஸ்.டி.டி. கடையிலிருந்து அவர் பேசும்போது, மகள் அவள் அம்மாவின் மொழியில் பேசுவாளாம்; இவருக்குப் பாதிதான் புரியுமாம். அந்தப் பாதியை எங்களிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அன்று, அவர்கள் போன பிறகு, அண்ணனும் நானும் விமான நிலையத்துக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் வெயிலில் பஸ்ஸுக்காக நின்றோம். அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "கட்டிக்க மாட்டேன்னு அவ சொல்லி அந்த வீடு போயிருந்தா எனக்கு வருத்தமே இல்லடா. அவளைக் கேட்டிருக்கணும்."

அவர் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னேன். லாரிச் சத்தத்தில் முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கைதட்ட ஆளில்லாத இடத்தில் நான் உரக்கப் பேசியது வாழ்க்கையில் அதுவே முதல் முறை; அதன்பின் மேடையேறிய ஒவ்வொரு முறையும் முதலில் என் காதில் விழுவது அந்தச் சொற்கள்தான்: "அண்ணா, இனிமே யாரைப் பார்த்து யார் என்ன கேட்டாலும், கேட்டதை அவங்ககிட்ட அப்படியே சொல்லுவேன். அவங்க பதில் சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."