முகத்துவாரத்தின் மேல் நின்ற டிரோன்

எண்ணூரில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் டிரோன் கண்காணிப்பு என் வேலை. சுற்றுவட்டாரம் முழுக்க டிரோனுக்குத் தடையுள்ள ரெட் ஜோன். அனுமதியில்லாமல் டிரோன் பறந்தால் டிடெக்டர் பீப் அடிக்கும். டிரோன் இருக்கும் இடமும், ரிமோட் பிடித்தவர் நிற்கும் இடமும் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். பெரும்பாலும் கல்யாண வீடியோக்காரர்கள்தான் மாட்டுவார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அறைக்குள்ளேயே இருக்கும் இந்த வேலை பிடித்திருந்தது.

ஒரு காலை பீப் அடித்தது. டிரோன் கடலுக்கு மேல் அசையாமல் நின்றது. ரிமோட் முகத்துவாரக்குப்பம் கரையில். போலீசுக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்ட் இன்சார்ஜ் ஓடிவந்தார்.

"யோவ், கடல்ல ஒரு போட் கவுந்துகிச்சாம். ஹெலிகாப்டர் வந்துகினு கீது. அந்த டிரோன் நிக்கிற வரைக்கும் கீழ எறங்க மாட்டாங்களாம். ஹெலிகாப்டர் ஃபேன்ல மாட்டுனா எல்லாரும் காலி. போயி எறக்கச் சொல்லு."

கையில் எடுத்துப்போகும் சின்ன டிடெக்டரோடும் வாக்கி டாக்கியோடும் பைக்கில் போனேன்.

கரையில் பெருங்கூட்டம். அலை முரட்டுத்தனமாக இருந்ததால் வேறு படகுகள் முகத்துவாரத்தைத் தாண்ட முடியவில்லை. நடுவில் வீடியோக்காரர் பாபு ரிமோட்டோடு நின்றார். அவர் சட்டையை ஒரு பெண் இறுக்கிப் பிடித்திருந்தார். கடலில் கிடப்பவரின் மனைவி செல்வி. ரிமோட் திரையில், கவிழ்ந்த ஃபைபர் படகைப் பிடித்தபடி ஓர் ஆள் மிதந்தார்.

"டிரோனை எறக்குங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வந்துட்டாருப்பா கவர்மென்ட்டு," என்றார் பின்னால் ஒருவர்.

செல்வி திரையிலிருந்து திரும்பவில்லை. "தண்ணில ஆள் வுழுந்தா ஒருத்தர் கண்ண எடுக்கவே கூடாது. எடுத்தா அப்பால அலைல கெடைக்க மாட்டாங்க. எங்காளுங்க வழக்கம் அது. நீ போ நைனா."

அவர் சொன்னது சரிதான். ஹெலிகாப்டரும் வந்து உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் அந்த ஆளின் ஒரு கை நழுவியது. மறுபடி பிடித்தது.

டிடெக்டரைப் பார்த்தேன். டிரோன் நிற்கும் இடம் அதில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக ஓடியது.

"பாபு, அவரு தலைக்கு நேர் மேல கொண்டு போங்க."

கொண்டுபோனார். எண்களை வாக்கி டாக்கியில் படித்தேன். இன்சார்ஜ் அதை ஹெலிகாப்டருக்குச் சொல்ல ஏற்பாடு செய்தார்.

"எடம் கெடச்சிச்சாம். இப்ப எறக்கு, சீக்கிரம்," என்று வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது.

செல்வி விடவில்லை. டிடெக்டரை அவர் முன் நீட்டினேன்.

"ம்மா, அவரு கீற எடம் இதுல கீது. மேல கீறவங்களுக்கும் குடுத்தாச்சு. இது எறங்குனாதான் அவங்க எறங்குவாங்க. லேட் ஆனா எடம் மாறிடும்."

"பொய்யா இருந்துச்சுன்னா, உன்ன வுட மாட்டேன்."

பாபுவின் சட்டையை விட்டு என் சட்டையைப் பிடித்தார்.

டிரோன் இறங்கியது. திரையில் வெறும் மணல். ஹெலிகாப்டர் தாழ்ந்து, கயிறு இறங்கி, அதில் செல்வியின் கணவர் தொங்கி மேலே போகும்வரை என் காலர் அவர் பிடியிலேயே இருந்தது.

பாபு மீது வழக்கு வந்தது. ரெட் ஜோனில் பறக்கவிட்டது தப்புதான். ஹெலிகாப்டர் காத்திருந்த நேரத்தில் அந்தக் கை மொத்தமாக நழுவியிருக்கலாம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பீப் அடித்தால் முதலில் போலீசுக்குச் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு ரிமோட் பிடித்தவரிடம் போனால், வாய் திறக்குமுன் அவர் திரையை நீங்களும் ஒருமுறை பாருங்கள்.