நான்கு விரல் இடைவெளி

சத்தியமாக நடந்தது இது. முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். பொய்யை ஜோடித்து எழுத என் கைக்கு இன்னும் பழக்கமில்லை.

ஒரு மன்றத்தில் நான்கு நாள் பரதநாட்டியப் பயிலரங்கு நடந்தது. சிமென்ட் தரையில் ஆடினால் பிள்ளைகளின் முழங்கால் போய்விடுமாம். அதனால் மரச்சட்டம் வைத்து, தரையிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு, மேலே புதுப் பலகை அடித்துக் கொடுத்தேன். என் மகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். ஒன்பது வயது. "நல்லா வந்தா வருஷம் பூரா இலவசமா சொல்லித் தரேன்" என்றார் டீச்சர். பாப்பாவுக்கு அன்று தூக்கமே இல்லை.

முதல் நாள் டீச்சர் தன் பாதத்தில் சிவப்புச் சாயம் பூசி, ஆடிக் காட்டி விளக்கினார். பிறகு ஒன்று சொன்னார்: "மிதிச்ச தரைகிட்ட மன்னிப்புக் கேட்டு கும்பிட்டாதான் ஆட்டம் முடியும். கும்பிடாம யாரும் இறங்கக் கூடாது."

இரண்டாம் நாள், மாலை 4.50. டீச்சர் தாளம் தட்டும் தட்டுக்கழியை நிறுத்தினார். பிள்ளைகளும் நின்றார்கள்.

தொப்.

இன்னும் ஒரு மிதி. பாப்பா நின்ற மூலையில். அவள் கால் அசையவில்லை.

மீசை என்று எல்லாரும் கூப்பிடும் காவல்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கரையான் பரதம் கத்துக்குதுண்ணே. அதுக்கும் ஃபீஸ் வாங்கிடுங்க!"

இந்த ஆளின் குறும்போ என்று சந்தேகம். மறுநாள் அவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். 4.50...

தொப்.

மீசை சிரிக்கவில்லை.

அன்று எல்லாரும் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பாப்பா மட்டும் கும்பிடாமல் இறங்கினாள்.

"ஏன்டா கண்ணு?"

"கீழ இருக்கிறவ இன்னும் முடிக்கலப்பா. நான் தப்பா மிதிச்சா அவ சரியா மிதிச்சுக் காட்டுறா."

டீச்சரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பாப்பாவின் இடம் போய்விடுமே என்று பயம். திறந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வேற யார்கிட்டயாவது அனுப்புறீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. நான் முதல் பாடமான தட்டடவு மட்டும்தான் எடுத்தேன். இவ குதிச்சு மெட்டு அடவு ஆடுறா. அதை நான் இன்னும் தொடவே இல்லையே!"

ஆனாலும் பாப்பாவைச் சேர்த்துக்கொண்டார்.

எல்லாரும் போனபின் பலகையைப் பெயர்த்தேன். மணி 5.20. வெளிச்சம் நன்றாக இருந்தது. மூலைப் பலகையைப் புரட்டினேன்.

அடிப்பக்கத்தில் பாதங்கள்.

சின்னச் சின்னப் பாதங்கள். சிவப்புச் சாயம். காய்ந்திருந்தது.

பிள்ளைகள் யாரும் சாயம் பூசவில்லை. பலகை போட்டவன் நான். அடிப்பக்கம் வெறுமையாக இருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன். நான்கு விரல் இடைவெளியில் பூனை கூட நுழையாது.

அந்தச் சாயத்தை இழைப்புளியால் சீவி எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பலகையோடு முடிந்தது என்று நினைத்தேன்...

நாங்கள் இருப்பது மாடியில், வாடகை வீடு. தினமும் மாலை ஆறு மணிக்குப் பாப்பா கூடத்தில் ஆடிப் பழகுவாள். கும்பிடச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"முடிக்கக் கூடாதாம்ப்பா."

போன வாரம் வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். "கீழ் வீட்டுக்கு வெள்ளையடிச்சுக் குடுங்க. எட்டு மாசமா பூட்டியே கிடக்கு."

திறந்தேன். மாலை 6.10. ஒட்டடை. தரையில் தூசி. ஒரு காலடித் தடம் கூட இல்லை.

மேலே பாப்பா ஆடிக்கொண்டிருந்தாள். தெய்யா தெய்... தெய்யா தெய்...

சத்தம் நின்றது.

தொப்.

என் தலைக்கு மேலே. கூரையின் இந்தப் பக்கத்தில்.

அண்ணாந்து பார்த்தேன்.

கூரை முழுக்கப் பாதங்கள்.

ஏணி போட்டு ஏறினேன். கடைசிப் பாதத்தைத் தொட்டேன்.

விரலில் சிவப்பு ஒட்டியது.

ஈரம்.